சேலம், நாமக்கல் பகுதியின் பண்டைக் கலையும் கட்டிடக்கலையும்

சேலம், நாமக்கல் பகுதியின் பண்டைக் கலையும் கட்டிடக்கலையும் என்பது, தமிழ்நாட்டில் சேர்வராயன் மலைக்கும் காவிரி ஆற்றுக்கும் இடையிலுள்ள சமவெளியிலும் அதனைச் சூழ்ந்த குன்றுகளிலும், தொல்பழங்காலம் முதல் 18ஆம் நூற்றாண்டின் இறுதி வரை உருவான ஈமச் சின்னங்கள், நடுகற்கள், குடைவரைகள், சிற்பங்கள், கோயில்கள், கோட்டைகள் ஆகியவற்றைக் குறிக்கும். 1792ஆம் ஆண்டின் சிறீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி இப்பகுதி திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் கைக்கு மாறியது. அதற்கு முன்னிருந்த நிலையே இங்கு விளக்கப்படுகின்றது.

பல்லவர், பாண்டியர், சோழர் போன்ற பேரரசர்களின் தலைநகரம் எதுவும் இச்சமவெளியில் அமைந்திருந்ததில்லை. எனினும், பேரரசுகளின் எல்லைப்புறத்தில் ஆண்ட அதியர், வாணகோவரையர், கெட்டி முதலிகள் ஆகிய குறுநில மரபினர் இங்கே குறிப்பிடத்தக்க கலைப் படைப்புக்களை விட்டுச் சென்றுள்ளனர். இப்படைப்புக்களிற் பல இன்றுவரை மக்களால் வழிபடப்பட்டு வருகின்றன. சில, தம்முடைய பழைய பெயரும் பொருளும் மறக்கப்பட்டு வேறு தெய்வங்களாக வழிபடப்பட்டன. இதனால் இப்பகுதியின் கலை வரலாற்றை அறிவதில் களஆய்வுக்கும் கல்வெட்டு ஆய்வுக்கும் தனிச் சிறப்பு உண்டு.

நிலவமைப்பும் மூலப்பொருட்களும்

இச்சமவெளியைச் சுற்றிலும் சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை, போதமலை முதலிய மலைகள் அமைந்துள்ளன. திருமணிமுத்தாறு, சரபங்கா ஆறு ஆகியன காவிரியை நோக்கிப் பாய, வசிட்ட நதி கிழக்கு நோக்கி ஓடுகின்றது. சமவெளியின் நடுவே நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி போன்ற தனிக்குன்றுகள் திடீரென உயர்ந்து நிற்கின்றன. இக்குன்றுகளே கோயிலுக்கும் கோட்டைக்கும் இடமாயின.

இங்குள்ள பாறைகள் மிகவும் கடினமானவை. மென்மையான மணற்கல்லிலோ சுண்ணாம்புக் கல்லிலோ செதுக்குவதைப்போல இவற்றில் நுண்வேலைப்பாடுகளைச் செய்தல் எளிதன்று. கருங்கல்லில் வேலை செய்யும் தச்சனின் உளி விரைவில் மழுங்கிவிடும். அதனை மீண்டும் மீண்டும் உலையிலிட்டுக் காய்ச்சி, அடித்து, நீரில் தோய்த்துக் கூராக்க வேண்டும். ஆகவே, கற்சிற்பி வேலை செய்யும் இடத்தில் கொல்லனும் இருந்தாக வேண்டும்.

சேலம் நகருக்கு அருகிலுள்ள கஞ்சமலையில் காந்தத் தன்மை கொண்ட இரும்புத் தாது மிகுதியாகக் கிடைக்கின்றது. கடினமான கல்லும், அதனை வெல்லக்கூடிய இரும்பும் ஒரே பகுதியில் அமைந்தமை, இங்கு கற்கலை வளர்ந்ததற்கான அடிப்படைகளுள் ஒன்றாகக் கருதத்தக்கது. இதனோடு தென் அமெரிக்காவின் அந்தீசு மலைப்பகுதியை ஒப்பிடலாம். ஐரோப்பியர் வருகைக்கு முன் அங்கு வாழ்ந்த இன்காக்கள் இரும்பை அறிந்திருக்கவில்லை. அவர்கள் கடினமான கற்களையே சம்மட்டிகளாகக் கொண்டு தட்டி வடிவமைத்த பெரும் பாறைகளைச் சாந்து இல்லாமலேயே பொருத்தி, குசுக்கோ நகருக்கு அருகிலுள்ள சாக்சாய்வாமன் போன்ற சுவர்களை எழுப்பினர். கல்லோடு கல்லை இசைவாகப் பொருத்துவதில் அவர்கள் சிறந்து விளங்கினர். தமிழகத்துச் சிற்பிகளோ, எஃகு உளியின் துணையால் பாறைக்குள்ளேயே இடத்தையும் உருவத்தையும் குடைந்தெடுப்பதில் தேர்ச்சி பெற்றனர்.

தொல்பழங்காலம்

சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் புதிய கற்காலத்தைச் சேர்ந்த, தேய்த்து மெருகேற்றப்பட்ட கற்கோடரிகள் கிடைத்துள்ளன. 19ஆம் நூற்றாண்டில் நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூசு பூட் சேர்வராயன் மலைப்பகுதியிற் கிடைத்த இத்தகைய கருவிகளைத் திரட்டினார். மலைவாழ் மக்கள் இக்கோடரிகளை வயல்களிலிருந்து எடுத்து வந்து, பிள்ளையார் முதலிய சிறு தெய்வங்களின் கோயில்களில் குவித்து வழிபட்டு வந்துள்ளனர். மரம் வெட்டவும் நிலம் திருத்தவும் பயன்பட்ட ஒரு கருவி, பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பின் தெய்வப் பொருளாக மாறியமைக்கு இது எடுத்துக்காட்டாகும். கோயிலில் வைக்கப்பட்டதாலேயே இவை சிதறாமல் காக்கப்பட்டன. அதே வேளை, அவை முதலிற் கிடந்த இடம் தெரியாமற் போனதால் ஆய்வாளருக்குப் பயன்படும் பல தகவல்கள் இழக்கப்பட்டன.

புதிய கற்காலத்தைத் தொடர்ந்து வந்த இரும்புக் காலத்தில், இறந்தோருக்குப் பெருங்கற்களைக் கொண்டு ஈமச் சின்னங்கள் அமைக்கும் வழக்கம் தென்னிந்தியா முழுவதும் பரவியிருந்தது. நிலத்துக்குள் கற்பலகைகளால் பெட்டி போன்ற அறை அமைத்து, மேலே வட்டமாகக் கற்களை நடுவது இதில் ஒரு வகையாகும். பலகைக் கற்களை ஒன்றையொன்று தாங்குமாறு நிறுத்தி, மேலே ஒரு மூடுகல்லை ஏற்றும் இம்முறையே இப்பகுதியின் மிகப் பழைய கட்டுமான முறை எனலாம்.

சேலம் மாவட்டத்தில் மேட்டூருக்கு அருகிலுள்ள மாங்காடு, தெலுங்கனூர் ஆகிய இடங்களின் ஈமச் சின்னங்களிலிருந்து இரும்பு வாள்கள் கிடைத்துள்ளன. மாங்காட்டு வாளின் காலம் கி.மு. 1604க்கும் 1416க்கும் இடைப்பட்டது எனவும், தெலுங்கனூர் வாளின் காலம் கி.மு. 1435க்கும் 1233க்கும் இடைப்பட்டது எனவும் கரிமக் காலக்கணிப்பு மூலம் அறியப்பட்டுள்ளது. தெலுங்கனூர் வாளின் இரும்பு, கரிமச் செறிவு மிகுந்த எஃகு வகையைச் சார்ந்தது. தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2025ஆம் ஆண்டு வெளியிட்ட, இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கையில் இச்சமவெளியின் சான்றுகளும் இடம்பெற்றுள்ளன.

சங்க இலக்கியங்களில் கொல்லிமலை பலமுறை குறிப்பிடப்படுகின்றது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி இம்மலையை ஆண்டான். கொல்லிப்பாவை என்னும் அழகிய பெண் உருவம் ஒன்று இம்மலையில் தெய்வத்தால் அமைக்கப்பட்டிருந்ததாகச் சங்கப் பாடல்கள் கூறுகின்றன. அவ்வாறான உருவம் எதுவும் இன்று அடையாளம் காணப்படவில்லையாயினும், இப்பகுதியோடு தொடர்புடைய பாவை ஒன்று பற்றிய மிகப் பழைய இலக்கியக் குறிப்பு என்ற வகையில் இது முக்கியத்துவம் வாய்ந்தது.

நடுகற்கள்

ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும், ஊர் காக்கும் போரிலும் உயிர் நீத்த வீரர்களுக்கு நடப்பட்ட கற்கள் நடுகற்கள் எனப்படுகின்றன. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என நடுகல் அமைக்கும் முறையின் ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் குறிப்பிடுகின்றது. பொருத்தமான கல்லைத் தெரிந்தெடுப்பதில் தொடங்கி, அதனை நீரில் ஆட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்திப் பாடுவது வரை இதில் அடங்கும்.

பழைய சேலம் மாவட்டத்தின் வடபகுதியில் நடுகற்கள் மிகுதியாக உள்ளன. அப்பகுதி 1965ஆம் ஆண்டு தர்மபுரி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. சேலத்தின் தென்பகுதி 1997ஆம் ஆண்டு முதல் நாமக்கல் மாவட்டமாகச் செயற்பட்டு வருகின்றது. இம்மாவட்ட எல்லைகள் அண்மைக் காலத்தவையாதலால், கலை வரலாற்றை நோக்கும்போது மூன்று மாவட்டங்களையும் ஒன்றாகவே கருத வேண்டியுள்ளது.

நடுகற் சிற்பத்தில் வீரன் பெரும்பாலும் பக்கவாட்டில் நோக்கியவாறு, ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளோ அம்போ கொண்டு காட்டப்படுகின்றான். அவன் உடலில் அம்புகள் தைத்திருப்பதும், காலருகே மாடுகள் நிற்பதும் உண்டு. உருவம் குறைந்த ஆழத்தில், சில கோடுகளாலேயே செதுக்கப்பட்டிருக்கும். மேற்பகுதியில் அரசனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், அவன் இறந்த காரணம் ஆகியன வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். கோயிற் சிற்பங்கள் தெய்வங்களையும் அரசர்களையும் காட்ட, நடுகற்கள் ஊரின் சாதாரண மனிதர்களைப் பெயரோடும் நிகழ்வோடும் பதிவு செய்கின்றன. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமியின் முயற்சியால் 1970களில் செங்கம், தர்மபுரிப் பகுதிகளின் நடுகற் கல்வெட்டுக்கள் நூல்களாக வெளிவந்தன.

பல ஊர்களில் நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் வழிபடப்படுகின்றன. எழுத்தைப் படிப்பவர் இல்லாதபோது வீரனின் பெயர் மறைந்துவிட்டது. ஆனால் அவனுக்குப் படையலிடும் வழக்கம் நிற்கவில்லை.

நாமக்கல் குடைவரைகள்

இப்பகுதியின் பண்டைக் கலைப் படைப்புக்களுள் தலைசிறந்தவை நாமக்கல் குன்றில் அமைந்துள்ள இரண்டு வைணவக் குடைவரைக் கோயில்களாகும். ஏறத்தாழ 65 மீட்டர் உயரமான இக்குன்று ஒரே பாறையால் ஆனது. ஊரின் பழைய பெயர் திருவாரைக்கல். குன்றின் மேற்குப் புறத்தில் நரசிம்மர் குடைவரையும், கிழக்குப் புறத்தில் அரங்கநாதர் குடைவரையும் உள்ளன.

அமைத்தவர்

அரங்கநாதர் குடைவரையிலுள்ள கிரந்த எழுத்து வடமொழிக் கல்வெட்டு, அதிய குலத்தைச் சேர்ந்த குணசீலன் என்பவனைக் குறிப்பிடுவதுடன், இக்கோயிலை அதியேந்திர விஷ்ணுகிருகம் எனவும் அழைக்கின்றது. அதியர் என்போர் தகடூரை, அதாவது இன்றைய தர்மபுரியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த பழங்குடி மரபினர். ஔவையாருக்கு நெல்லிக்கனி வழங்கியதாகக் கூறப்படும் அதியமான் நெடுமான் அஞ்சி இம்மரபினன். 1981ஆம் ஆண்டு சம்பை என்னும் ஊரில் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, நெடுமான் அஞ்சியைச் சதியபுதோ என்னும் பட்டத்தோடு குறிப்பிடுகின்றது. அசோகரின் கல்வெட்டுக்களில் சேர, சோழ, பாண்டியரோடு சேர்த்துக் கூறப்படும் சத்தியபுத்திரர் யாவர் என்ற நீண்டகால வினாவுக்கு இக்கல்வெட்டு விடை தந்தது.

குடைவரைகளின் காலம் பொதுவாகக் கி.பி. 8ஆம் நூற்றாண்டு எனக் கொள்ளப்படுகின்றது. இக்காலத்தில் அதியர் பெரும் நெருக்கடிக்குள் இருந்தனர். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காவிரியின் வடகரையில் அதியமானை வென்றதாகவும், அதியனுக்கு உதவ வந்த பல்லவனும் சேரனும் பின்வாங்கியதாகவும் பாண்டியரின் செப்பேடு கூறுகின்றது. வடக்கே பல்லவர், தெற்கே பாண்டியர், வடமேற்கே கங்கர், அவர்களுக்கு அப்பால் சாளுக்கியர் எனப் பெரிய அரசுகளால் சூழப்பட்டிருந்த ஒரு சிறிய அரசு எடுப்பித்த கோயில்கள் இவை என்பதை மனதிற் கொள்ளுதல் வேண்டும்.

நரசிம்மர் குடைவரை

முகப்பில் இரண்டு முழுத் தூண்களும் இருபுறமும் இரண்டு அரைத் தூண்களும், உள்ளே ஒரு மண்டபமும், பின்சுவரில் கருவறையும் என்ற அமைப்புடையது இக்குடைவரை. கருவறையில் இரணியனை அழித்தபின் அமைதியடைந்து அரியணையில் வீற்றிருக்கும் நரசிம்மர் காட்டப்பட்டுள்ளார். முனிவர் இருவர் வணங்கி நிற்க, சூரியனும் சந்திரனும் கவரி வீச, பிரமனும் சிவனும் இருபுறமும் உள்ளனர். இவையனைத்தும் பின்சுவர்ப் பாறையிலேயே புடைப்புச் சிற்பமாகச் செதுக்கப்பட்டவை.

மண்டபத்தின் சுவர்களில் பெரிய சிற்பத் தொகுதிகள் உள்ளன. எட்டுக் கைகளுடன் இரணியனை மடியிற் கிடத்தி மார்பைப் பிளக்கும் நரசிம்மர், நிலமகளைத் தாங்கி எழும் வராகர், ஒரு காலை விண்ணை நோக்கி உயர்த்திய திரிவிக்கிரமர், பாம்பணை மீது அமர்ந்த வைகுந்தநாதர் ஆகியோர் இவற்றில் இடம்பெறுகின்றனர். ஒரே மண்டபத்தில் சினம் கொண்ட நரசிம்மரும் சினம் தணிந்த நரசிம்மரும் அமைந்திருத்தல் இக்குடைவரையின் சிறப்பாகும். பக்கச்சுவரில் போரைக் கண்ட பார்வையாளர், கருவறையில் அதன் பின்னர் வரும் அமைதியைக் காண்கின்றார்.

அரங்கநாதர் குடைவரை

கிழக்குப் புறத்திலுள்ள குடைவரையில் திருமால் பாம்பணையில் பள்ளிகொண்ட கோலத்தில் காட்டப்பட்டுள்ளார். இப்பாம்பைக் கார்க்கோடகன் எனக் கூறுவது உள்ளூர் மரபு. கிடந்த கோலத்து உருவம் நீளமானது என்பதால், சதுரமான கருவறைக்கு மாறாக, அகன்ற இடம் தேவைப்படுகின்றது. இதற்கேற்ப இக்குடைவரையின் உள்வெளி திட்டமிடப்பட்டுள்ளது. சுவர்களிலுள்ள சிற்பங்களுள் ஒரு பாதி சிவனும் மறுபாதி திருமாலுமாக அமைந்த சங்கரநாராயணர் குறிப்பிடத்தக்கது. சடைமுடியும் கிரீடமும் ஒரே தலையில் இணையும் இவ்வுருவம், வைணவக் கோயிலொன்றில் சைவத்துக்கும் இடமளிக்கின்றது.

பாணியும் தாக்கங்களும்

தமிழகத்தில் குடைவரைக் கோயில்களை அமைக்கும் வழக்கம் 7ஆம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில் பரவலாயிற்று. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியன இல்லாமல் கோயில் எடுப்பித்ததாக அவனுடைய மண்டகப்பட்டுக் கல்வெட்டு கூறுகின்றது. பாண்டிய நாட்டிலும் குடைவரைகள் பல அமைந்தன. திருப்பரங்குன்றம் குடைவரை கி.பி. 773ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

நாமக்கல் சிற்பங்கள் இவ்விரு நாட்டுப் பாணிகளோடும் உறவுடையன. எனினும் சிற்பத் தொகுதிகளின் தெரிவை நோக்கும்போது, கருநாடகத்தில் உள்ள பாதாமியின் மூன்றாம் குடைவரையே நினைவுக்கு வருகின்றது. கி.பி. 578இல் சாளுக்கியர் அமைத்த அக்குடைவரையிலும் பாம்பணை மீதமர்ந்த திருமால், வராகர், நரசிம்மர், திரிவிக்கிரமர், சங்கரநாராயணர் ஆகியோர் பேருருவங்களாக உள்ளனர். சாளுக்கிய நாட்டுக்கும் தமிழகத்துக்கும் இடையிலான வழியில் அதியர் நாடு அமைந்திருந்தது. எல்லைப்புற அரசு ஒன்று, தன்னைச் சூழ்ந்திருந்த பல நாடுகளின் கலை மரபுகளையும் அறிந்து பயன்படுத்தியமைக்கு நாமக்கல் தெளிவான சான்றாகும்.

குடையும் முறை

குடைவரையைக் குடைவது கட்டிடம் எழுப்புவதற்கு நேர்மாறான செயலாகும். கட்டிடத்தில் அடித்தளம் முதலிலும் கூரை இறுதியிலும் அமையும். குடைவரையிலோ கூரைப் பகுதியிலிருந்து கீழ்நோக்கியும், முகப்பிலிருந்து உள்நோக்கியும் வேலை நடைபெறுகின்றது. மாமல்லபுரத்தில் முற்றுப்பெறாமல் விடப்பட்ட குடைவரைகளிலிருந்து இம்முறை அறியப்படுகின்றது. முதலில் பாறையின் முகப்பு சமப்படுத்தப்பட்டு, தூண்களுக்குரிய பகுதிகள் குறிக்கப்படும். பின்னர் இடைப்பட்ட பாறை சதுரம் சதுரமாகப் பிரிக்கப்பட்டு வெட்டி அகற்றப்படும். தூணுக்கும் சிற்பத்துக்கும் வேண்டிய பாறையை முன்கூட்டியே கணக்கிட்டு விட்டுவைக்க வேண்டும். வெட்டிய பகுதியை மீண்டும் ஒட்ட இயலாது. எட்டுக் கைகளையும் பல துணை உருவங்களையும் கொண்ட சிற்பத் தொகுதி ஒன்றைப் பிழையின்றி முடிப்பதற்கு எத்துணைத் திட்டமிடல் வேண்டும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

பௌத்தச் சிற்பங்கள்

சேலம் மாவட்டத்தின் கிழக்கே, ஆத்தூருக்கு அருகிலுள்ள தியாகனூரில் அமர்ந்த கோலத்திலுள்ள இரண்டு பெரிய புத்தர் சிலைகள் உள்ளன. இவை, வசிட்ட நதிக் கரைப் பகுதியில் இடைக்காலம் வரை பௌத்தம் நிலைபெற்றிருந்ததைக் காட்டுகின்றன. இவற்றுள் ஒன்று நெடுங்காலம் வயல்வெளியில் இருந்தது.

சேலம் நகரின் பெரியேரிப் பகுதியில் தலைவெட்டி முனியப்பன் என்ற பெயரில் வழிபடப்பட்டு வந்த சிலை, மற்றொரு குறிப்பிடத்தக்க சான்றாகும். இச்சிலை புத்தருடையது எனக் கூறி 2011ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. நீதிமன்ற ஆணைப்படி தொல்லியல் துறையினர் சிலையை ஆராய்ந்தனர். தாமரைப் பீடத்தில் அமர்ந்த நிலை, மடிமீது தியான முத்திரையில் அமைந்த கைகள், சுருண்ட முடி, தலையுச்சியிலுள்ள புடைப்பு, நீண்ட காது மடல்கள் ஆகிய புத்தருக்குரிய இலக்கணங்கள் இதில் காணப்பட்டன. உடலிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த தலை, பிற்காலத்தில் சிமெந்தும் சுண்ணாம்பும் கொண்டு ஒட்டப்பட்டிருந்தது. சிலை புத்தருடையதே என அறிக்கை அளிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு சூலையில் நீதிமன்றம் அவ்வறிக்கையை ஏற்று, அவ்விடத்தைத் தொல்லியல் துறை தன் பொறுப்பில் எடுக்கவும், அது புத்தர் சிலை என அறிவிக்கும் பலகையை வைக்கவும், முனியப்பனாகக் கருதிப் பூசை செய்வதை நிறுத்தவும் ஆணையிட்டது.

ஒரு சிலையின் அடையாளத்தை, எழுத்துச் சான்று இல்லாதபோதும் அதன் உருவ இலக்கணத்தைக் கொண்டே நிறுவ இயலும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும். அதே வேளை, பல தலைமுறைகளாக அதை முனியப்பனாகக் கருதி வணங்கியவர்களின் நம்பிக்கைக்கும், சிலையின் முதல் அடையாளத்துக்கும் இடையே முரண்பாடு எழும்போது எதை முதன்மையாகக் கொள்வது என்ற வினாவையும் இவ்வழக்கு எழுப்பியது.

வாணகோவரையரும் ஆறகழூரும்

12, 13ஆம் நூற்றாண்டுகளில் சமவெளியின் கிழக்குப் பகுதி மகதை மண்டலம் எனப்பட்டது. இதனை வாணகோவரையர் என்னும் குறுநில மன்னர்கள், வசிட்ட நதிக் கரையிலுள்ள ஆறகழூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டனர். ஆறு அகழிகளை உடைய ஊர் என்பது பெயருக்குக் கூறப்படும் பொருள். இங்குள்ள காமநாதீசுவரர் கோயில் இம்மரபினரோடு தொடர்புடையது. இக்கோயிலில் எட்டு வைரவர்களின் உருவங்கள் உள்ளன. சோழர் ஆட்சி வலுவிழந்து வந்த காலத்தில், அவர்களுக்குக் கீழிருந்த ஒரு மரபு தன் தலைநகரில் கோயிலை வளர்த்துத் தன் நிலையை வெளிப்படுத்தியதை இங்கு காணலாம்.

கெட்டி முதலிகளும் தாரமங்கலமும்

விசயநகர, நாயக்கர் காலத்தில் சமவெளியின் மேற்குப் பகுதியைக் கெட்டி முதலிகள் ஆண்டனர். அமரகுந்தி இவர்களின் தலைமையிடமாக விளங்கியது. இவர்களின் மிகச் சிறந்த படைப்பு தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலாகும். இம்மரபின் பல தலைமுறையினர் இக்கோயிற் பணியில் ஈடுபட்டனர் எனவும், 17ஆம் நூற்றாண்டில் இது நிறைவெய்தியது எனவும் கூறப்படுகின்றது.

மேற்கு நோக்கி அமைந்த இக்கோயிலின் கோபுர அடித்தளம், தேரொன்றை யானைகளும் குதிரைகளும் இழுத்துச் செல்வதுபோல வடிவமைக்கப்பட்டுள்ளது. மண்டபத் தூண்களில் குதிரை வீரர்களும் யாளிகளும் தூணோடு ஒரே கல்லில் முழு உருவமாகச் செதுக்கப்பட்டுள்ளன. யாளியின் வாய்க்குள் உருளும் கற்பந்து, வளையம் வளையமாகக் கோத்த கற்சங்கிலி, இரதி, மன்மதன் சிற்பங்கள், மேற்கூரையில் விரிந்த தாமரையும் அதன் இதழ்களில் தலைகீழாகத் தொங்கும் கிளிகளும் புகழ் பெற்றவை.

வாலி, சுக்கிரீவன் போரைக் காட்டும் தூணும், இராமன் மறைந்து அம்பெய்யும் தூணும் இடைவெளி விட்டு அமைக்கப்பட்டுள்ளன. இராமன் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் இராமன் தெரியமாட்டான். ஒரு கதையின் நுட்பமான பகுதியைச் சொற்களின்றி, தூண்களின் இருப்பிடத்தாலேயே விளக்கும் அமைப்பு இதுவாகும். பார்ப்பவர் தாமே இடம் மாறி நின்று பார்த்தாலன்றி இது விளங்காது.

நாமக்கல் குடைவரையோடு ஒப்பிடும்போது, ஏறத்தாழ 900 ஆண்டுகளில் கற்கலை அடைந்த மாற்றம் புலப்படும். நாமக்கல்லில் உருவங்கள் பாறையை விட்டு முழுமையாக விலகுவதில்லை. தாரமங்கலத்திலோ சங்கிலியும் பந்தும் கல்லிலிருந்து விடுபட்டு அசைகின்றன.

திருச்செங்கோடும் கோட்டைகளும்

தேவாரத்தில் கொடிமாடச் செங்குன்றூர் எனப்படும் திருச்செங்கோட்டின் குன்றின் மீது அர்த்தநாரீசுவரர் கோயில் உள்ளது. ஆணும் பெண்ணும் ஓருடலான வடிவம் இங்கு மூலவராகவே வழிபடப்படுகின்றது. மலைப்படிகளின் வழியில் இயற்கைப் பாறையில் செதுக்கப்பட்ட மிக நீண்ட ஐந்தலைப் பாம்பு உருவம் உள்ளது. மேலுள்ள மண்டபங்களின் சிற்பத் தூண்கள் நாயக்கர் காலப் பாணியைச் சேர்ந்தவை.

தனிக்குன்றுகள் பாதுகாப்புக்கும் ஏற்றவையாயிருந்தன. நாமக்கல் குன்றின் உச்சியிலுள்ள கோட்டை, சேந்தமங்கலம் பாளையக்காரரான இராமச்சந்திர நாயக்கரால் கட்டப்பட்டதாகக் கூறுவர். மைசூர் அரசின் அலுவலர் ஒருவர் கட்டியதாகவும் மற்றொரு கருத்து உண்டு. சங்ககிரியில் குன்றின் சரிவு முழுவதும் பல அடுக்கு மதில்களும் வாயில்களும் ஏறிச் செல்கின்றன. தாக்க வருவோர் ஒவ்வொரு வாயிலிலும் மேலிருந்து எதிர்க்கப்படுவர் என்பது இதன் உத்தியாகும். 1805இல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டதும் இக்கோட்டையிலேயே. ஆத்தூர்க் கோட்டை இவ்விரண்டினின்றும் மாறுபட்டு, சமதரையில் வசிட்ட நதியை ஒட்டி அமைந்துள்ளது.

பொதுப் பண்புகள்

மேற்கூறியவற்றை ஒருங்கே நோக்கும்போது பின்வரும் பண்புகளைக் காணலாம்.

முதலாவது, இயற்கைப் பாறையைப் பயன்படுத்தும் போக்கு. ஈமச் சின்னத்தின் பலகைக்கல், நடுகல், குடைவரை, திருச்செங்கோட்டுப் பாம்பு, மலைக்கோட்டை ஆகிய அனைத்தும் நிலத்திலிருந்த பாறையிலிருந்தே உருப்பெற்றவை.

இரண்டாவது, குறுநில மரபினரின் பங்கு. பேரரசுகள் மாறிக்கொண்டிருந்தபோதும் அதியர், வாணகோவரையர், கெட்டி முதலிகள் என உள்ளூர்த் தலைவர்களே பெரும் பணிகளை மேற்கொண்டனர்.

மூன்றாவது, வழிபாட்டின் தொடர்ச்சி. கற்கோடரி, நடுகல், புத்தர் சிலை ஆகியன தம் முதற்பொருளை இழந்தபின்னும் புனிதப் பொருள்களாகவே நீடித்தன.

பாதுகாப்பு

நாமக்கல்லின் குடைவரைகளும் கோட்டையும், சங்ககிரி, ஆத்தூர்க் கோட்டைகளும் இந்தியத் தொல்லியல் ஆய்வகத்தின் பாதுகாப்பில் உள்ளன. இடம்பெயர்க்கப்பட்ட நடுகற்களும் சிலைகளும் சேலம் அரசு அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

பெரிய சின்னங்களை விட, வயல்களிலும் ஊர்ப்புறங்களிலும் உள்ள சிறிய சின்னங்களே எளிதில் அழியக்கூடியவை. உழவுக்காகவும் வீடு கட்டவும் நிலம் சமப்படுத்தப்படும்போது கல்வட்டங்கள் கலைக்கப்படுகின்றன. கல் உடைத்தலால் பாறைகளோடு அவற்றிலுள்ள தடயங்களும் மறைகின்றன. நடுகற்கள் மீது சுண்ணாம்பும் வண்ணமும் பூசுவதால் எழுத்துக்கள் படிக்க முடியாதவாறு மூடப்படுகின்றன. திருப்பணி என்ற பெயரில் சிமெந்து பூசுதலும் பழைய வேலைப்பாட்டைச் சிதைக்கின்றது.

ஒரு கல்வட்டம் அழிந்தால் அதனோடு இரும்பின் காலத்தைக் கணிக்கும் வாய்ப்பும் அழிகின்றது. மாங்காட்டிலும் தெலுங்கனூரிலும் கிடைத்த வாள்கள் இத்தகைய எளிய ஈமக்குழிகளிலிருந்தே வெளிப்பட்டன. ஆகவே ஓர் ஊரிலுள்ள பழைய கல்லை அகற்றுவதற்கோ, அதன்மேல் பூசுவதற்கோ முன்னர், அதனை அது இருக்கும் இடத்திலேயே படம் எடுத்து, அளந்து, எழுத்து இருப்பின் படியெடுத்துப் பதிவு செய்தல் இன்றியமையாததாகும்.